கஸ்தூரி பெயரில் வந்த முடிவு

உங்களில் பலர் இந்த வாரம்தான் சோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். தரவுத்தள மென்பொருள் கடைக்கு வருவதற்கு முன்னால் அதன் முன்னோட்டப் பதிப்பை வாங்கி ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. நானும் ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். பிழையை எப்படித் தேடுவது என்று உங்களுக்குச் சொல்லித் தர இங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள். தேடிப் பிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் என்னைப் பல வருடம் அலைக்கழித்த கேள்வி. அது எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எங்கள் வீடு பாகாயத்தில். அங்கிருந்து வேலூருக்கு ஒரு பஸ், வேலூரிலிருந்து ஆம்பூருக்கு இன்னொரு பஸ். நான் வேலை பார்த்த கம்பெனியில் தோல் பதனிடும் டேனரியும், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பெரிய கொட்டகையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. கொட்டகையில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், பெரும்பாலும் பெண்கள். கம்ப்யூட்டர் அறை முதலாளி அறைக்கு அடுத்தது. தூசி ஆகாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷூ செய்கிற கம்பெனியில் வெறுங்காலோடு வேலை பார்த்தவர்கள் நாங்கள்தான்.

அந்த அறைக்கு ஒரு மேனேஜர் இருந்தார். அவர் கெட்டவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிற ஆள். புதிய பொருள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை, அவ்வளவுதான்.

மெட்ராஸில் ஒரு சின்ன நிறுவனம் சொந்தமாக ஒரு டேட்டாபேஸ் எழுதி விற்றுக்கொண்டிருந்தது. அதன் பழைய பதிப்பில் எங்கள் கணக்கு, ஏற்றுமதி எல்லாம் ஓடின. புதிய பதிப்பை வெளியிடும் முன் நம்பிக்கையான சில வாடிக்கையாளர்களிடம் கொடுத்துப் பார்க்க நினைத்தார்கள். அவர்களுடைய எஞ்சினீயர் ஒருவர் மென்பொருள் பதிந்த பிளாப்பி டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு ஆம்பூர் வந்தார். கூடவே ஒரு தாள் கொடுத்தார். இது முன்னோட்டம், உண்மையான வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதில் அச்சடித்திருந்தது.

மேனேஜர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். “டம்மி பேரு, டம்மி நம்பர் போட்டு ஓட்டினா இன்னா தெரியும்? நெஜ வேலை குடுத்தாதான் தெரியும்” என்றார்.

“கணக்குல மட்டும் வெச்சிடாதீங்க சார்” என்றார் எஞ்சினீயர்.

“கணக்குலயா? முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு. மெடிக்கல் கேம்ப் ஒண்ணு வருது. அதை இதுல போட்டுக்கலாம். அது வெறும் மெடிக்கல்தானே.”

எஞ்சினீயர் அதுதான் சரி என்று தலையாட்டினார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதில் பிசகாக எதுவும் படவில்லை.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர்களுக்கெல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் முகாம். ஆடி மாதம் எக்ஸ்ரே வண்டி வந்து டேனரி வாசலில் நின்றது. ஒவ்வொருவரும் தம் டோக்கன் எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வந்தார்கள். ஊரில் ஒரு டாக்டர் படங்களைப் பார்த்து, எண்ணுக்கு எதிரே முடிவை எழுதி அனுப்பினார். தொழிலாளர்களின் பெயர்கள் ஏற்கெனவே ஒரு கோப்பில் இருந்தன. முடிவுகளை இன்னொரு கோப்பில் ஏற்றினார்கள். இரண்டையும் டோக்கன் எண் வழியாக இணைத்துப் பட்டியல் அடித்துக் கொடுப்பது அந்தப் புதிய பதிப்பின் வேலை.

பட்டியலில் இரண்டு பேருக்குத்தான் காசநோய் என்று வந்தது. ஒருவர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த வயதானவர். அவர் இருமுவது கேட் வரைக்கும் கேட்கும். அவர் பெயர் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. மேனேஜர் டாக்டர் எழுதிய தாளில் அந்த ஒரு பெயரைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது என்று மெட்ராஸுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இன்னொரு பெயர் கஸ்தூரி. மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண். அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, வருகைப் பதிவு போடும் டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். “உனக்கு டி.பி. இருக்குதாம். வைத்தியம் பண்ணிக்கினு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பஸ்ஸுல ஏறாத” என்று, அங்கே வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கேட்கச் சொன்னார்கள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் ஜமீலா. இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். ஜமீலாதான் கஸ்தூரியின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் கூடப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் இருமினாள். நீயும் போய் டாக்டரிடம் காட்டேன் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். “என் பேரு வரல சார். எனக்கு ஒண்ணும் இல்ல. தோல் நெடி, அதான்” என்றாளாம்.

மாதனூரில் இருந்த ஒரு டாக்டர், கம்பெனி கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் பார்க்காமல் கஸ்தூரிக்கு ஊசி போட ஆரம்பித்தார். தினமும் ஒன்று. தீபாவளி நெருங்குகிறபோது அவளுக்குக் காதில் ஏதோ இரைகிறது, நடந்தால் தலை சுற்றுகிறது என்று ஆனது. அதற்கு அப்புறம்தான் அவளுடைய அப்பா பயந்துபோய் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் அவர் கம்பெனிக்கு வந்தார். கேட்டில் உள்ளே விடவில்லை. சத்தம் போடாமல் வெயிலில் நின்றுகொண்டே இருந்ததால் வாட்ச்மேனுக்கே மனசு கேட்காமல் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பி வைத்தார். வேர்க்கடலை போடுகிற விவசாயி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கையில் பழுப்பு உறையோடு உள்ளே வந்து நின்றார்.

“ரெண்டு வாட்டி படம் புடிச்சாங்க சார். சளியும் எடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. அந்த டாக்டரம்மா என்னைத் திட்டுச்சு, நல்லா இருக்கற பொண்ணுக்கு எதுக்குய்யா இத்தினி ஊசி போட்டன்னு.”

“கம்ப்யூட்டர் லிஸ்ட்டுங்க அது. அதுல மாறாது” என்றார் மேனேஜர்.

“நான் மிசின குத்தம் சொல்ல வரல சார். அவ ஊட்ல தனித் தட்டுல சாப்பிடறா. குடியாத்தத்துல நிச்சயம் பண்ண இடம், வாணான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவளுக்கு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. அது போதும்.”

மேனேஜர் உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே பார்க்க அவருக்குத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு சீட்டு எழுதி டைம் ஆபீஸுக்கு அனுப்பினார். நாளையிலிருந்து பஸ்ஸில் வரலாம் என்றார். அந்த மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டுப் போனார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “ஒரு பேஜார் முடிஞ்சுது” என்றார்.

என் அம்மா நர்ஸ். காசநோய் என்றால் என்ன, அது ஒரு வீட்டுக்குள் எப்படிப் பரவும் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த சங்கதிகள். அதனாலோ என்னவோ, எனக்கு அது முடிந்ததாகத் தோன்றவில்லை.

“சார், அந்த டாக்டர் ஏதோ ஒரு படத்துல நோயைப் பார்த்துத்தானே எழுதியிருப்பாரு?” என்றேன்.

“ஆமா.”

“அது கஸ்தூரி படம் இல்லன்னா யாரோட படம்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “டாக்டர் தப்பா பார்த்திருப்பாரு எஸ்தர்.”

“பார்த்திருக்கலாம். இல்லன்னா அந்த ஆளு இன்னும் நம்ம லைன்ல ஒக்காந்து வேலை செய்றாங்க.”

மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. காம்பவுண்டு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சடிக்க வேண்டிய காகிதங்கள் குவிந்து கிடந்தன. மேனேஜர் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “சரி, பாரு” என்றார்.

டைப் செய்ததில் பிசகு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஏற்றியவர்கள் சுத்தமாக ஏற்றியிருந்தார்கள். டாக்டரின் தாளிலோ வெறும் எண்கள்தான்; ஒரு எண் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அதே மென்பொருள்தான். பிறகு ஒரு காலி பிளாப்பியில் நானாகச் சில பெயர்களையும் முடிவுகளையும் போட்டு இணைத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. பெயர்களைக் கூட்டிப் பார்த்தேன், மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே வந்தது. எக்ஸ்ரே எடுத்ததற்கும் பட்டியல் அடித்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தேன். வேலையை விட்டு நின்றுபோன ஒருவரின் பெயரை நீக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்திருந்தது.

நானும் என் பட்டியலின் நடுவிலிருந்து ஒரு பெயரை நீக்கினேன். மறுபடி இணைத்தேன்.

நீக்கிய பெயருக்கு மேலே இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். கீழே இருந்த பெயர்கள் ஒரு இடம் மேலே நகர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனக்கு முந்தின எண்காரருடைய முடிவு வந்திருந்தது.

சுண்ணாம்புத் தொட்டிப் பெரியவர் பழைய ஆள்; அவர் எண் மேலே இருந்தது. அதனால் அவருக்குச் சரியாக வந்தது. அவருக்குச் சரியாக வந்ததால்தான் எல்லாரும் பட்டியலை நம்பினோம். அவருக்குக் கீழே, கம்பெனியின் பெரும்பகுதிக்கு வந்தது வேறு யாருடைய முடிவோதான். ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் முடிவு. ஒருவருடைய ஒன்றுமில்லை இன்னொருவருக்குப் போனால் யாருக்குத் தெரியும்?

மெட்ராஸுக்கு லைன் கிடைத்ததும் அந்த எஞ்சினீயரிடம் நானே பேசினேன்.

“ஆமா மேடம், அது தெரியும். வேற ஒரு கம்பெனில போன மாசமே சொன்னாங்க” என்றார். “எதையாவது டெலீட் பண்ணா உடனே இன்டெக்ஸை, அதான் எந்த எண் எங்க இருக்குதுன்னு காட்டற அட்டவணையை, திரும்பக் கட்டிடுங்க, சரியாய்டும். அடுத்த பதிப்புல நாங்களே பார்த்துக்கறோம். சின்ன விஷயம்தான்.”

“தெரிஞ்சும் எங்களுக்கு ஏன் சொல்லல?”

“சின்ன விஷயம்தானேன்னு” என்றார் மறுபடியும். அவர் குரலில் ஏமாற்று எதுவும் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

அவர் சொன்னபடி செய்து பட்டியலைத் திரும்ப அடித்தேன். கஸ்தூரியின் பெயர் இல்லை. காசநோய் என்பது அவளுக்கு முந்தின எண்ணுக்கு எதிரே இருந்தது. ஜமீலா.

மேனேஜர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். “அந்த மெட்ராஸ் எஞ்சினீயரைத் திங்கக்கிழமை வரச் சொல்லலாம். அவரு முன்னாடி இன்னொரு வாட்டி ஓட்டிப் பார்க்கலாம். அப்புறமா சொல்லலாம்.”

“திங்கக்கிழமை வரைக்குமா சார்?”

“ஏற்கெனவே ஒரு பொண்ணுகிட்ட தப்பா சொல்லி அவ கல்யாணமே நின்னுபோச்சு. இப்ப இன்னொருத்திகிட்ட போய் உனக்குத்தான் டி.பி.ன்னு சொல்லுவியா? நாளைக்கு இதுவும் தப்புன்னு ஆனா? இந்த மிசின நம்பி இன்னொரு தடவை வாயத் தொறக்க எனக்குப் பயமா இருக்குது.”

இதை நீங்கள் முட்டாள்தனமான பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நான் இன்றைக்கும் ஒதுக்குவதில்லை. ஒருமுறை பொய் சொன்ன மென்பொருள்தான் இரண்டாவது பெயரையும் சொல்லியிருந்தது. டாக்டரின் தாளில் எண்ணைப் பார்த்தேன். அதுவும் ஜமீலாவின் எண்தான். ஆனால் சிலேட்டில் எண் எழுதியவர் பிசகியிருந்தால்? நோய் இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நோய் இல்லை என்று அவளிடம் சொல்லியிருந்தோமே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள உரிமை இருந்தது. கடமையும் இருந்தது. அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் கவிழ்த்து வைத்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, “நான் உன்ன அனுப்பல. நீயா போனா தடுக்கல” என்றார்.

தையல் கொட்டகையில் கஸ்தூரி இல்லாத மெஷினுக்குப் பக்கத்து மெஷினும் உறை போட்டு மூடிக்கிடந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜமீலா சில நாட்களாக வரவில்லை என்றார் சூப்பர்வைசர். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவள் வீடு. பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“வேலூருக்குத் தூக்கிக்கினு போய்ட்டாங்கம்மா. கொழந்த கண்ண மேல சொருகிக்கிச்சு. ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தினியோ நாளாச்சு, எறங்கவே இல்ல.”

அங்கிருந்தே பஸ் ஏறினேன். வேலூரில் குழந்தைகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சில் ஜமீலா உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்ததற்கு இப்போது பாதியாக இருந்தாள். துப்பட்டாவை வாயில் பொத்தி இருமிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கம்பெனியிலிருந்து லீவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“லீவு ஜாஸ்தி ஆய்டுச்சு, தெரியும் மேடம். பர்வீனுக்குக் கொஞ்சம் கம்மி ஆனதும் வந்துடுவேன். வேற ஆளைப் போட்டுடாதீங்கன்னு சொல்லுங்க.”

பர்வீன் என்பது குழந்தையின் பெயர். அப்போதுதான் நடக்கப் பழகிய பெண் குழந்தை.

“ஜமீலா, அது இல்ல. உனக்கு எத்தனை நாளா இருமல்?”

“இது தோல் நெடி மேடம். கம்பெனில போட்டோ புடிச்சாங்களே, எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சே. இங்ககூட டாக்டரு கேட்டாரு, ஊட்ல யாருக்காச்சும் டி.பி. இருக்குதான்னு. அதான் சொன்னேன், இப்பதான் கம்பெனில பார்த்தாங்க, க்ளீன்னு.”

நான் அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நாங்கள் சொன்னது தப்பு என்றேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு, ஒருவருடைய முடிவு இன்னொருவருக்குப் போய்விட்டது, உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதை நம்பாதே, மறுபடி படம் எடுக்க வேண்டும் என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துகொள்ள நேரம் பிடித்தது.

“கஸ்தூரிக்கு இல்லையா அப்போ?”

“இல்ல.”

“அவளுக்கு வந்தது என்னுதா?”

நான் தலையாட்டினேன்.

“அய்யோ பாவம் அவ” என்றாள். தன்னைப் பற்றி அவள் முதலில் நினைக்கவில்லை. பிறகு குழந்தை இருந்த அறைப் பக்கம் திரும்பினாள். “மேடம், மொதல்லயே என் பேருல வந்திருந்தா...” என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டாள். நான் எழுந்து டாக்டரைத் தேடி உள்ளே போனேன்.

உள்ளே இருந்த டாக்டர் இளைஞர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “அந்தம்மா இருமறதைப் பார்த்துத்தான் கேட்டேன்” என்றார். “எக்ஸ்ரே சுத்தம்னு சொன்னாங்க. அதனால அந்த வழியை மூடிட்டு வேற காய்ச்சலுக்குப் பார்த்துக்கிட்டிருந்தோம்.” உடனே எழுந்து குழந்தையிடம் போனார். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். காசநோய் மூளைக்குப் போயிருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலமே மருந்தை மாற்றினார்கள்.

மருந்து மாற்றியும் பிடிக்கவில்லை. அந்த வாரத்திலேயே குழந்தை இறந்துவிட்டது.

ஜமீலாவுக்கு எடுத்த படத்தில் ஒரு பக்க நெஞ்சு வெள்ளையாக இருந்தது. தொற்றும் நிலை என்றார்கள். அவள் மகளைத் தனக்கு நோய் இல்லை என்கிற தைரியத்தில்தான் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டு, தன் வாயிலிருந்து சோறு மசித்து ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் துக்கத்துக்குப் போனபோது மேனேஜரும் வந்தார். சந்து முனை வரைக்கும் வந்தவர் அதற்கு மேல் வரவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஜமீலாவின் கணவர் அவரைப் பார்த்துவிட்டுப் போய் உள்ளே கூப்பிட்டார். மேனேஜர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு புதிய பொருள் எதைப் பார்த்தும் அவர் முகத்தில் பழைய ஆசை வரவில்லை.

திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து எஞ்சினீயர் வந்தார். தொழிலாளர்கள் எல்லாருடைய முடிவையும் நாங்கள் டாக்டரின் தாளைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். காலணியைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க லிஸ்ட்ல அதுக்கு ‘சின்னது’ன்னு போட்டு வெச்சிருந்தோம்” என்று மட்டும் சொன்னார். பல மாதம் கழித்து அந்த மென்பொருள் முறையாக வெளிவந்தது. அதில் திருத்தியவற்றைச் சொல்லும் தாளில், பிரின்டர் ஓரத்தைப் பற்றிய ஒரு வரிக்கும் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் நடுவில், நீக்கிய பதிவுக்குப் பின்வரும் பதிவுகள் இணைப்பில் நகர்ந்த குறை சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது.

நீங்கள் அந்த மாதிரி வரிகளைத்தான் எழுதப்போகிறீர்கள். எழுதத்தான் வேண்டும், அதில் குழந்தையின் பெயரைப் போட முடியாது. ஆனால் எழுதுகிறபோது ஒன்றை யோசித்துப் பாருங்கள். தவறாகக் கெட்ட செய்தி கிடைத்தவர் வாசலுக்கு வந்து நிற்பார். அவரைத் திருப்தி செய்து அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். தவறாக நல்ல செய்தி கிடைத்தவர் வரமாட்டார். அவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். அவரைத் தேடிக்கொண்டு நாம்தான் போக வேண்டும். போகிறபோது எல்லாம் தெரிந்த மாதிரிப் போகக் கூடாது. நாங்கள் சொன்னதை நம்பாதீர்கள் என்று சொல்ல மட்டும் போக வேண்டும். அதைச் சொல்ல முழு ஆதாரமும் கைக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்கிறவர்கள் நல்லவர்களாகவும் நியாயமாகப் பேசுகிறவர்களாகவும் இருப்பார்கள். அதுதான் கஷ்டம்.

இன்னொன்று. பணம் இல்லாத கோப்பில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தக் கோப்பில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கஸ்தூரி வேலைக்குத் திரும்பினாள். மேனேஜர் எழுதிய சீட்டைக் கம்பெனி நம்பியது, மாதனூர் நம்பவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் வெகுநாள் காலியாகவே வந்தது. குடியாத்தத்துக்காரர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஊசிகளால் வந்த காது இரைச்சல் நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். குழந்தை இறந்த வீட்டுக்கு அவள்தான் தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜமீலா வைத்தியத்தை முழுதாக முடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். உடம்பு தேறியது. நான் ஆம்பூரில் இருந்த வரைக்கும் வருடா வருடம் எக்ஸ்ரே வண்டி வரும். ஜமீலா வரிசையில் நிற்கமாட்டாள். நேராகக் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்று என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து அவளோடு போவேன். சிலேட்டில் அவள் எண்ணை நானே எழுதுவேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன். சில நாள் கழித்துப் படம் வந்ததும் கொண்டுபோய்க் காட்டுவேன். அவள் நெஞ்சுப் பக்கம் பார்க்கமாட்டாள். மூலையில் இருக்கும் எண்ணில் விரலை வைத்து, “இது என்னுதுதானே மேடம்?” என்று கேட்பாள்.

ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நானும் அந்த எண்ணைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வேன்.